விரிசல் விட்ட ஸ்டீல் ஃபிரேம்: ஒரு வெல்டிங் வைத்தால் போதுமா?

சைக்கிள் ஃபிரேமில் விரிசல் என்றதும் இரண்டு விதமான பதில் உடனே வரும். “ஸ்டீல்தானே, ஒரு வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும்” என்பது ஒன்று. “ஃபிரேம் போச்சு, எடைக்குப் போட்டுவிடு” என்பது இன்னொன்று. முதல் பேச்சை நம்பி வண்டியை ஓட்டிப் போனவர், சில மாதம் கழித்து பழைய இடத்துக்கு அரை விரல் தள்ளி இன்னொரு விரிசலோடு வந்து நிற்கிறார். இரண்டாவதை நம்பியவர், இன்னும் பல வருடம் உழைத்திருக்கக்கூடிய ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போடுகிறார். இரண்டையும் பார்க்க மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டீல் ஃபிரேமைச் சரிசெய்ய முடியும். ஆனால் விரிசலை மூடுவது அந்த வேலையில் பாதிகூட இல்லை. விரிசல் ஏன் அந்த இடத்தில் விட்டது என்று தெரிந்துகொள்ளாமல் மூடினால் அது இடம் மாறும், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ‘ஏன்’ பற்றித்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வது எல்லாம் ஸ்டீலுக்கு மட்டும். அலுமினியமும் கார்பனும் வேறு கதை. சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பைப்பில் ஒட்டினால் ஸ்டீல்.

கட்டுக்கம்பியை ஒடிப்பது எப்படி?

கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடியும். ஒரு தடவை மடக்கும் பலம் அதை ஒடிக்கவில்லை. திரும்பத் திரும்ப மடக்கியதுதான் ஒடித்தது.

ஃபிரேமிலும் இதுதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். பெடலை மிதிக்கும்போது, பெடலின் அச்சு நுழைந்திருக்கும் அடிப்பகுதி (இதை பாட்டம் பிராக்கெட் என்பார்கள்) ஒரு நூலளவு பக்கவாட்டில் நெளிகிறது. காலை எடுத்ததும் பழைய நிலைக்கு வருகிறது. மறு கால் மிதிக்கும்போது எதிர்ப்பக்கம் நெளிகிறது. கம்பி மாதிரி நிரந்தரமாக மடங்குவதில்லை, அதனால் எதுவும் நடந்ததாகவே நமக்குத் தெரியாது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்துக்கு 3,600 சுற்று. தினம் ஒரு மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்றால் 10,80,000 சுற்று.

இப்படி, ஒரு தடவைக்கு எளிதாகத் தாங்கக்கூடிய பாரமே லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்குவதால் உலோகத்தில் விரிசல் பிறப்பதற்கு ‘உலோகச் சோர்வு’ என்று பெயர். இதை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகள் திடீர் திடீரென்று ஒடிவது ஏன் என்று ஆராய்ந்தார். அச்சின் மேல் ஏறும் பாரம் எவ்வளவு என்பதைப் போலவே அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று அவர் சோதனைகள் காட்டின.

இதில் ஸ்டீலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறும் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை லட்சம் சுற்று போனாலும் அது சோர்ந்துபோவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. நல்ல ஸ்டீல் ஃபிரேம்கள் தலைமுறை தாண்டி ஓடுவதற்கு இது ஒரு காரணம். துரு மட்டும் அரிக்க ஆரம்பித்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அப்படியானால் ஸ்டீல் ஃபிரேம் ஏன் விரிசல் விட வேண்டும்?

ஷாம்பூ பாக்கெட்டின் ஓர வெட்டு

ஷாம்பூ பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அந்த இடத்தில் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கிழியும். வெட்டு இல்லாத பக்கத்தில் எவ்வளவு இழுத்தாலும் கை வழுக்குமே தவிர கிழியாது. பிளாஸ்டிக் ஒன்றுதான், இழுக்கும் கையும் ஒன்றுதான். வெட்டின் முனையில் மட்டும் மொத்த இழுப்பும் வந்து குவிகிறது.

உலோகத்திலும் அப்படியே. பைப்பின் மேல் பரவலாக ஓடிக்கொண்டிருக்கும் அழுத்தம் ஒரு ஓட்டையையோ வெட்டையோ சந்திக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த ஓரத்தில் நெருக்கியடிக்கிறது. இதை ‘அழுத்தக் குவிவு’ என்று சொல்லலாம். அகலமான தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டு இழுத்தால், ஓட்டையின் ஓரத்தில் அழுத்தம் மற்ற இடத்தைவிட சுமார் 3 மடங்கு ஆகிறது. ஓட்டை நீண்டு, முனை கூர்மையாக ஆக இந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும் என்று 1913-இல் சார்ல்ஸ் இங்கிலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இப்போது ஃபிரேமைப் பாருங்கள். பைப்பில் மற்ற இடமெல்லாம் அந்தப் பாதுகாப்பான அளவுக்குக் கீழேதான் இருக்கும். வெல்டிங்கின் விளிம்பு, சீட் பைப்பில் இருக்கும் பிளவு, பாட்டில் ஸ்டாண்டுக்குப் போட்ட ஓட்டை, துரு தின்ற ஒரு குழி, கல் பட்ட ஒரு நசுங்கல் என்று எங்கோ ஓர் இடத்தில் அழுத்தம் குவிந்து எல்லையைத் தாண்டுகிறது. விரிசல் அங்கே பிறக்கிறது. பிறந்த விரிசலின் முனையோ, எந்த வெட்டையும்விடக் கூர்மையானது. அதனால் தானாக நிற்க அதற்குக் காரணமே இல்லை. மிதிக்க மிதிக்க வளர்ந்துகொண்டே போகும்.

ஒடிந்து போன ஒரு பின் பைப்புத் துண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் முகத்தைப் பார்த்தால் முழுக் கதையும் தெரியும். முக்கால் பாகம் வழுவழுப்பாக, பழுப்பேறி இருக்கிறது. அதற்குள் தண்ணீர் வற்றிய குளத்தின் கரைக்கோடுகள் மாதிரி வரிசையாக வளைவுகள். அந்த வளைவுகள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றித்தான் விரிந்திருக்கின்றன. அந்தப் புள்ளி பழைய வெல்டிங்கின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குழி. மீதிக் கால் பாகம் மட்டும் பளிச்சென்று சொரசொரப்பாக இருக்கிறது. அதுதான் ஒடிந்த அன்று ஒடிந்த பகுதி. வண்டிக்காரர் “நேற்று ஒரு பள்ளத்தில் விட்டேன், ஒடிந்துவிட்டது” என்றார். பள்ளம் செய்தது அந்தக் கால் பாகத்தை மட்டும். மற்ற முக்கால் பாகம் அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

இதுவரை பார்த்தது: விரிசல் ஒரே அடியில் வருவதில்லை, திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தால் வருகிறது. அழுத்தம் குவியும் இடத்தில்தான் பிறக்கிறது. பிறந்தால் வளரும்.

வழக்கமாக எங்கே விடும்?

பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றித்தான் அதிகம். அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு கீழ்ப் பைப்புகளுக்கு செயின் ஸ்டே என்று பெயர். அதில் செயின் இருக்கும் வலது பக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மிதியின் பாரத்தோடு செயினின் இழுப்பும் அதன் மேல் சேர்கிறது. பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் தட்டையான துண்டும் (டிராப் அவுட்) இதே காரணத்தால் வலது பக்கம்தான் பெரும்பாலும் விடும்.

சீட் கம்பி நுழையும் பைப்பின் மேல் பகுதியில் விரிசல் விட்டால், முதலில் சீட் கம்பியை அளந்து பாருங்கள். அளவு குறைந்த கம்பியைப் போட்டு, அது இறங்காமல் இருக்க போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருப்பார்கள். அல்லது கம்பியை மிகவும் மேலே தூக்கி வைத்து, உள்ளே இரண்டு விரல் அளவுதான் விட்டிருப்பார்கள். இந்த விரிசலை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் அதே கம்பியைத் திரும்பப் போட்டால் திரும்ப விடும்.

ஹேண்டில்பார் பக்கத்தில் இருப்பது இன்னொரு வகை. எதிலாவது நேராக மோதிய வண்டியில், முன்பக்கக் குட்டைப் பைப்பிலிருந்து சாய்வாக இறங்கும் பைப்பின் அடிப்பக்கத்தில், மோதிய அன்றே ஒரு மடிப்பு விழும். விரலால் தடவினால் மெல்லிய அலை மாதிரி தட்டுப்படும். அது சோர்வு அல்ல, நசுங்கல். அதன் மேல் வெல்டிங் வைத்துப் பயனில்லை, பைப்பையே மாற்ற வேண்டும்.

பெயின்ட்டா, ஸ்டீலா?

தெரியும் எல்லாக் கோடும் விரிசல் அல்ல. பழைய பெயின்ட் தானாகவே வெடிக்கும். கோட்டின் ஓரமாகத் துரு கசிந்து பழுப்பாக இருந்தால், அல்லது மிதிக்கும்போது ஒரே இடத்தில் கிறீச் என்று சத்தம் வந்தால், சந்தேகப்படலாம். உப்புத்தாளால் அந்த இடத்தில் பெயின்ட்டை முழுக்கத் தேய்த்து எடுங்கள். வெறும் உலோகத்தில் கோடு மறைந்துவிட்டால் அது பெயின்ட்தான். மெல்லிய கருங்கோடு நின்றால் விரிசல்.

விரிசலின் முடிவு கண்ணுக்குத் தெரியும் முடிவு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். முனை மயிரிழையைவிட மெல்லியதாக இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கும். அதைப் பார்க்கப் பட்டறைகளில் ஒரு வழி உண்டு. சிவப்புச் சாயத்தை அடித்து, விரிசலுக்குள் ஊறவிட்டு, மேலே துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை ஸ்பிரே செய்வார்கள். உள்ளே ஒளிந்திருந்த சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வந்து, விரிசல் முழு நீளத்துக்கும் சிவப்புக் கோடாகத் தெரியும். டிபி டெஸ்ட் என்று கேட்டால் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

வெல்டிங் வேறு, பற்றவைப்பு வேறு

இங்கேதான் குழப்பம் அதிகம். ‘பத்த வைக்கிறது’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு வேலைகள் அவை.

வெல்டிங் என்றால் இரண்டு ஸ்டீல் விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்குவது. ஸ்டீல் உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும்.

பித்தளைப் பற்றவைப்பில் ஸ்டீல் உருகுவதே இல்லை. அது செந்தணலாகச் சிவக்கும் வரைதான் சூடாக்குகிறோம். பித்தளைக் கம்பி சுமார் 900 டிகிரியில் உருகி, இரண்டு துண்டுகளுக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடைவெளிக்குள் தானே இழுபட்டுப் போகிறது, திரியில் எண்ணெய் ஏறுவது போல. வெள்ளி கலந்த கம்பி இன்னும் குறைவாக, 600 முதல் 700 டிகிரியிலேயே உருகிவிடும். ஸ்டீல் சூட்டில் கறுத்துப் படலம் கட்டாமல் இருக்க ஃபிளக்ஸ் தடவுவார்கள். நகை செய்பவர்கள் வைக்கும் வெங்காரத்தின் இனம்தான் அது. சூடேறும்போது முதலில் பொங்கி வெள்ளையாக நுரைக்கும், அப்புறம் அடங்கி, கண்ணாடி உருகியது போலத் தெளிந்து ஓடும். அந்த நேரத்தில் கம்பியை ஓரத்தில் வைத்தால், ஒரு நொடியில் மஞ்சள் கோடு இணைப்பைச் சுற்றி ஓடி உள்ளே மறைவதைப் பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

பித்தளை வைத்தால் பலம் இல்லை, வெறும் பசைதான் என்று சொல்வது தவறு. நல்ல பழைய ஃபிரேம்கள் பலவும் இப்படித்தான் கட்டப்பட்டன. பைப்புகளை லக் என்ற குழல் வடிவ மூட்டுத் துண்டுக்குள் செருகி, இடைவெளியைப் பித்தளையாலோ வெள்ளியாலோ நிரப்பியிருப்பார்கள். உள்ளே ஒட்டும் பரப்பு அகலமாக இருப்பதால்தான் அந்தப் பலம்.

ஆனால் விரிசலின் மேல் நேரடியாகப் பித்தளை ஊற்றினால் அந்தப் பலம் வராது. விரிசலின் உட்சுவரில் துருவும் எண்ணெயும் பெயின்ட்டும் ஏறியிருக்கும். ஃபிளக்ஸ் அவ்வளவு ஆழம் போய்ச் சுத்தம் செய்யாது. பித்தளை மேலே ஒரு தோல் மாதிரி படர்ந்து நிற்கும், அடியில் விரிசல் அப்படியே இருக்கும். மூடியது போலத் தெரிவதால் இது சும்மா விட்டதைவிட ஆபத்து.

வெப்பம் செய்யும் வேலை

வெல்டிங் வைத்த இடம் அநேகமாக ஒடிவதில்லை. ஒடிவது அதற்குப் பக்கத்தில். பழைய சட்டையில் கெட்டித் துணியால் ஒட்டுப் போட்டுத் தைத்தால், அடுத்த கிழிசல் ஒட்டின் தையலை ஒட்டித்தான் வரும். ஒட்டு அசையாது, சுற்றியிருக்கும் துணி அசையும், இரண்டும் சேரும் விளிம்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

பைப்பில் இதோடு வெப்பமும் சேர்கிறது. வெல்டிங்கை ஒட்டி, உருகாமல் ஆனால் கடுமையாகச் சூடேறிய ஒரு பட்டை இருக்கும். அதை ‘வெப்பம் பட்ட பகுதி’ என்பார்கள். அங்கே ஸ்டீலின் உள்ளமைப்பே மாறிவிடும். ரொம்ப நேரம் சூடாக்கினால் மென்மையாகிவிடலாம். சூட்டோடு தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால், குரோமியம் கலந்த நல்ல பைப்புகள் கெட்டியாகி, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரத் துணியும் வேண்டாம். தானாக ஆறட்டும்.

பைப்பின் கனத்தையும் யோசியுங்கள். சாதாரண சைக்கிளின் பைப் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். எடை குறைந்த ஃபிரேமில் இரண்டு முனையிலும் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 மில்லிமீட்டர் என்று கனம் குறைத்து இழுத்திருப்பார்கள். கதவு, கேட்டுக்கு வெல்டிங் வைக்கும் ராடால் அதைத் தொட்டால் பொத்துக்கொண்டு போகும். பொத்ததை மூட இன்னும் உலோகத்தைக் குவிப்பார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும் அந்தக் குவியல்தான் அடுத்த அழுத்தக் குவிவு. இவ்வளவு மெல்லிய பைப்புக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய ஆர்கான் வெல்டிங்கோ, பழகிய கையின் கேஸ் பற்றவைப்போதான் வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: முன்பு பித்தளை வைத்த இடத்தில் அப்புறம் வெல்டிங் வைக்கக் கூடாது. உருகிய பித்தளையில் இருக்கும் செம்பு, ஸ்டீலின் நுண்ணிய மணிகளுக்கு இடையே ஊடுருவி அந்த இடத்தையே வெடிக்கவைக்கும். பித்தளையைத் துளி விடாமல் எடுத்த பிறகுதான் வெல்டிங். யார் கையில் கொடுத்தாலும் முன்பு பித்தளை வைத்ததைச் சொல்லிவிடுங்கள்.

இதுவரை பார்த்தது: வெல்டிங் ஸ்டீலை உருக்குகிறது, பற்றவைப்பு உருக்குவதில்லை. இரண்டுமே பக்கத்து ஸ்டீலைச் சூடாக்குகின்றன. சரிசெய்த இடத்தின் விளிம்புதான் புதிய பலவீனமான இடம்.

சரியான பழுதுபார்ப்பு எப்படி இருக்கும்?

செயின் ஸ்டேயில், பாட்டம் பிராக்கெட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் ஒரு விரிசல் என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட்டை நன்றாக அகலமாக எடுக்கிறோம். குரோம் பூச்சு இருந்தால் அதையும் எடுத்தாக வேண்டும், அதன் மேல் எதுவும் ஒழுங்காக ஒட்டாது. சூடாகும் குரோம், துத்தநாகப் பூச்சுகளின் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பதும் ஒரு காரணம்.

அடுத்து சாயம் வைத்து விரிசலின் உண்மையான முனையைக் கண்டுபிடித்து, அங்கே 2 அல்லது 3 மில்லிமீட்டரில் ஓட்டை போடுகிறோம். ஓட்டை போட்டால் எப்படிப் பலம் வரும் என்று தோன்றும். பலம் வராது. ஆனால் ஊசிமுனை போல இருந்த விரிசலின் முனை இப்போது உருண்டையாகிவிட்டது, அழுத்தம் அங்கே முன்போலக் குவியாது. இதை மட்டும் செய்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். வெல்டிங் வைக்கும் வரை விரிசல் ஓடாமல் பிடித்து நிறுத்துவதுதான் இதன் வேலை.

அப்புறம் விரிசலை அரத்தாலோ சின்ன கிரைண்டராலோ பள்ளம் பறிப்பது போலத் திறக்கிறோம், அழுக்கெல்லாம் போய்ப் பளபளப்பான ஸ்டீல் தெரியும் வரை. பைப்பின் உட்புறம் மூடியிருந்தால் சூட்டில் காற்று வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் அது உருகிய உலோகத்தை ஊதித் தள்ளும். குறைந்த வெப்பத்தில் நிரப்பி, ஓரங்களைப் பள்ளம் விழாமல் மெல்ல அரம் போட்டு வழவழப்பாக்குகிறோம்.

தேவைப்பட்டால் மேலே ஒரு ஸ்டீல் பட்டை அல்லது குழாய் உறை சேர்க்கலாம். அதன் முனையை நேராக வெட்டக் கூடாது, மீன் வால் போலவோ நீண்ட கூர்முனை போலவோ வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் பைப்பின் சுற்றளவு முழுக்க ஒரே கோட்டில் கெட்டியும் மெல்லியதும் சந்திக்கும், சட்டை ஒட்டின் கதைதான். கூராக வெட்டினால் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போகும்.

விரிசல் பைப்பைப் பாதிக்கு மேல் சுற்றிவிட்டதா, பைப் துருவில் மெலிந்துவிட்டதா? ஒட்டுப் போடாமல் பைப்பையே மாற்றுங்கள். லக் வைத்த ஃபிரேமில் இது நிம்மதியான வேலை. பித்தளையைத் திரும்ப உருக்கினால் பழைய பைப் கழன்று வரும், புதியதைச் செருகலாம். டிராப் அவுட் போன்ற கனமான துண்டுகளில் விட்ட விரிசல் இருப்பதிலேயே எளிது, அங்கே வெப்பத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. எம்-சீல், கிளாம்ப், கம்பிச் சுற்று இவையெல்லாம் எந்த இடத்துக்கும் உதவாது.

ஃபோர்க் மட்டும் வேண்டவே வேண்டாம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலோ அதன் தண்டிலோ விரிசல் என்றால் மாற்றிவிடுங்கள். பின்பக்கப் பைப் ஒடிந்தால் பெரும்பாலும் வண்டி ஆடிக் காட்டிக்கொடுக்கும். ஃபோர்க் ஒடிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

ஒரு நூலும் மெல்லிய பெயின்ட்டும்

சூடு பட்ட உலோகம் ஆறும்போது சுருங்கி, ஃபிரேமைத் தன் பக்கம் இழுக்கும். பெயின்ட் அடிக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ஒரு டிராப் அவுட்டில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் நுழையும் பைப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு டிராப் அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இருக்கும் சீட் பைப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. நாலைந்து மில்லிமீட்டர் என்றால் பின்பகுதி ஒரு பக்கம் போய்விட்டது, நிமிர்த்த வேண்டும்.

சரிசெய்த இடத்தில் கனமான பெயின்ட்டும் பட்டியும் பூசி மறைக்க ஆசை வரும். நான் அங்கே வெளிர் நிறத்தில் மெல்லியதாக ஒரு பூச்சுத்தான் அடிப்பேன். முதல் வாரம் ஓட்டிவிட்டு ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை, அந்த இடத்தைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். முக்கியமாக வெல்டிங்கின் மேல் அல்ல, அதன் இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் அகலம். புதிதாக ஒரு கோடு விட்டால், வெளிர் பெயின்ட்டில் முதலில் பழுப்பு நிறத்தில் ஒரு மயிரிழைக் கசிவு தெரியும்.